கல்லில் சுடும் பலகாரமும் நாம் கொடுக்கும் மாவும்



சில மாதங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி எங்கள் மண்டிக்கு வந்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்த வட்ட வட்டமான ரொட்டிகளை மேஜை மேல் எடுத்து வைத்தார். பார்வைக்கு வெளுத்துப் போன சப்பாத்தி மாதிரி இருந்தது. உறையின் மேல் ‘டார்ட்டில்லா’ என்று போட்டிருந்தது. “செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் உள்ள கடைகளில் நன்றாகப் போகிறது ஐயா. வெள்ளைக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு பெட்டி போட்டுப் பாருங்கள்” என்றார். இது எந்த ஊர்ப் பலகாரம், எந்த மாவில் செய்தது, எத்தனை நாள் தாங்கும் என்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றாவதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மைதாவில் செய்தது என்று கடைசியில் நானேதான் படித்துச் சொன்னேன்.

விற்கிற பொருள் இன்னதென்று தெரியாமல் விற்கக் கூடாது என்பது என் தகப்பனார் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். ஆகவே மார்கழி தோறும் ஆசிரமத்துக்கு வந்து தங்கும் மெக்சிகோ நாட்டுப் பெண்மணி ஒருவர் எங்கள் சில்லறைக் கடைக்கு வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் வாங்க வந்தபோது, என் பேத்தியை மொழிபெயர்க்க வைத்து அவரிடம் விசாரித்தேன். உறையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கோதுமையில் செய்வது அந்த நாட்டின் வட பாகத்து வழக்கமாம். அவர் ஊர்ப் பக்கம் அது மக்காச்சோளத்தில் செய்வது. உறையில் அடைப்பதல்ல, தெருவோரத்தில் கேட்டவுடன் கல்லில் சுட்டுக் கொடுப்பது என்றார். அதைப் பற்றி அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்து கொண்டதும் நம் தொழிலுக்கு வெகுவாகப் பொருந்துவதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பலகாரத்தின் பெயர் கேசதியா. ‘கேசோ’ என்றால் அவர்கள் மொழியில் பாலாடைக்கட்டி. மக்காச்சோள மாவைக் கையில் தட்டியோ சிறு அச்சில் அழுத்தியோ வட்டமாக்கி, கோமால் என்ற தட்டையான கல்லின் மேல் போட்டு, நடுவில் பூரணம் வைத்து, பாதியாக மடித்து, இரு பக்கமும் சுட்டுக் கொடுப்பார்கள். ஓஹாகா என்ற மாகாணத்தில் நூல் நூலாகப் பிரிந்து வரும் ஒரு பாலாடைக்கட்டி உண்டு. நூற்கண்டு போலச் சுற்றி வைத்து விற்பார்கள். அதைத்தான் உள்ளே வைத்து உருக விடுவது. அதோடு பூசணிப்பூ, காளான், உருளைக்கிழங்கு, கரிப்பூட்டை நோய் பிடித்துக் கறுத்து வீங்கிய சோளமணி என்று பலதும் வைப்பார்களாம். நம் விவசாயி கண்டால் பிடுங்கிக் கொளுத்தும் அந்தக் கரிப்பூட்டைக்கு அங்கே நல்ல விலை. தலைநகரான மெக்சிகோ சிட்டியில், பெயரிலேயே பாலாடைக்கட்டி இருந்தும், “கட்டி வைத்தா, வைக்காமலா?” என்று கேட்டுத்தான் சுடுவார்கள். மற்ற மாகாணத்தார் இதைச் சொல்லித் தலைநகரத்துக்காரர்களைக் கேலி செய்வது அந்த நாட்டில் ஓயாத வழக்கு. நம் ஊரில் சாம்பார் சாதமா பிசிபேளாவா என்று சண்டை போடுவது போலத்தான்.

இதைக் கேட்டுக் கொண்டிருக்கும்போதே என் மனம் கிரிவலப் பாதைக்குப் போய்விட்டது. நம் ஊரில் பௌர்ணமி இரவு 14 கிலோமீட்டர் பாதை நெடுகத் தள்ளுவண்டியும் கல்லும் வைத்துச் சுடுகிறார்களே, கேழ்வரகு அடை, கம்பு அடை, கல் தோசை, அதன் அக்காள் தங்கைதான் இந்தக் கேசதியா. முக்கியமாகக் கேழ்வரகு அடை. ஒன்று தானிய மாவு, நடுவில் ஒரு காய் அல்லது கீரை, சூடான கல், எதிரே நிற்கும் பசித்த ஆள். இரண்டிலும் கோதுமையில் உள்ள பசைத்தன்மை கிடையாது. ஆகவே மாவை நீட்டி இழுத்துத் தேய்க்க முடியாது, தட்டித்தான் ஆக வேண்டும். நம் பெண்கள் வாழை இலையிலோ ஈரத்துணியிலோ தட்டிக் கல்லில் கவிழ்க்கிறார்கள். அவர்கள் உள்ளங்கையில் தட்டுகிறார்கள். நாம் கேழ்வரகு மாவு பிரியாமல் இருக்க வெந்நீர் விட்டுப் பிசைகிறோம். அவர்கள் சுண்ணாம்பு போடுகிறார்கள்.

சுண்ணாம்பு என்றதும் அன்பர்கள் சிரிக்க வேண்டாம். வெற்றிலைக்குப் போடும் அதே நீற்றுச் சுண்ணாம்புதான். காய்ந்த மக்காச்சோளத்தை, எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவு சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுவதும் அப்படியே ஊற விடுவார்கள். காலையில் தோல் கழன்று விடும். நன்றாகக் கழுவி, ஈரத்தோடு அரைத்தால் வருவது மாசா என்ற மாவு. பிசைந்தால் ஒட்டும், தட்டினால் கிழியாது. பழைய நாளில் அரைத்தது மெத்தாத்தே என்ற சரிந்த கல்லில். மூன்று கால் வைத்த நம் அம்மி என்று நினைத்துக் கொள்ளலாம். இந்தச் சுண்ணாம்பு வேலை பக்குவத்துக்கு மட்டும் அல்ல. மக்காச்சோளத்தில் உள்ள நயாசின் என்ற வைட்டமின் சத்து சுண்ணாம்பில் வெந்தால்தான் உடம்பில் சேரும். ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கொண்டு போய்ப் பயிர் செய்தார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதையே மூன்று வேளையும் தின்ற இத்தாலி ஏழைகளுக்குப் பெல்லாக்ரா என்ற தோல் நோயும் சித்தப்பிரமையும் வந்து, பல தலைமுறை அவதிப்பட்டார்கள். சரக்கை மட்டும் வாங்கி, அதைப் பயன்படுத்தும் முறையைக் கேட்காமல் விட்டதன் பலன் அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேழ்வரகு அடையில் நாம் நறுக்கிப் போடும் பச்சை மிளகாய் மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. போர்த்துகீசியர் கப்பலில் 16ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்தது. அதற்கு முன் நம் காரமெல்லாம் மிளகும் இஞ்சியும்தான். மக்காச்சோளமும் அங்கே பிறந்ததே. நம் மாநிலத்தில் அது பெரும்பாலும் நாமக்கல் கோழிகளுக்குப் போகிறது. மனிதர் தின்பது வேகவைத்த கதிரும் பாப்கார்னும்தான்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

கேழ்வரகு அடைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி நமக்கு என்ன வாடிக்கை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஐந்து கிலோ மாவு, ஒரு லிட்டர் எண்ணெய், கால் கிலோ உப்பு. ஓட்டல்காரர் சிப்பம் சிப்பமாக எடுக்கும்போது இவருக்கு எடை போட நம் பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று நின்று பார்த்தவர் அப்படி எண்ண மாட்டார்.

ஒரு கிலோ மாவில் அடையின் கனத்தைப் பொறுத்து 16 முதல் 18 வரை வருகிறது. மாவு, முருங்கைக்கீரை, வெங்காயம், மிளகாய், உப்பு எல்லாவற்றையும் மொத்தமாகப் பிசைந்து வைத்துக் கொண்டு இரவெல்லாம் சுடலாம் என்று யாராவது நினைத்தால் அவருக்கு அடை தெரியாது. உப்புப் பட்டதும் வெங்காயமும் கீரையும் தண்ணீர் விடும். ஒரு மணி நேரத்தில் மாவு நெகிழ்ந்துவிடும், இலையிலிருந்து கழன்று வராது. ஆகவே தொழில் தெரிந்தவர் மாவைத் தனியாக, கீரையைத் தனியாக வைத்துக் கொண்டு, அவ்வப்போது பத்துப் பன்னிரண்டு அடைக்கு மட்டும் பிசைவார். முதல் அடை கல்லுக்கு. அதை விற்க மாட்டார். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லை ஒரு தேய்ப்புத் தேய்த்த பிறகே அடுத்தது. தீ நிதானமாக இருக்க வேண்டும். கூட்டம் நெருக்குகிறதே என்று தீயைத் தூக்கினால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். பச்சைக் கேழ்வரகு தொண்டையைப் பிடிக்கும், வயிற்றைப் பிசையும். மலையைச் சுற்ற இன்னும் பத்துக் கிலோமீட்டர் பாக்கி இருக்கிற ஆள் அதைச் சாப்பிட்டால் மறு பௌர்ணமிக்கு அந்த வண்டிப் பக்கம் வருவாரா?

இத்தனை கவனமும் நாம் கொடுக்கும் மாவு நன்றாக இருந்தால்தான் பலிக்கும். நாம் ரகத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டி வாங்கினால் அவருக்கு ஒரு அடைக்கு ஏறுவது 12 காசு. மாவு கெட்டிருந்தால் போவது முழு அடையும், கீரையும், வெங்காயமும், எரிவாயுவும், அந்த இரவும். பௌர்ணமி மாதம் ஒன்றுதான்.

இதை நான் படித்துச் சொல்லவில்லை. ஒரு சித்திரா பௌர்ணமிக்கு நானே ஒரு பெண்மணியின் இரவைக் கெடுத்திருக்கிறேன். அது நடந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. அவர் வாடிக்கையாக எங்கள் கடையில் கேழ்வரகு மாவு எடுப்பவர். அன்று சாயங்காலம் வந்தபோது கேழ்வரகு மாவு தீர்ந்து போயிருந்தது. சித்திரை வெயில், பஸ் பஸ்ஸாக ஜனங்கள் இறங்கிக் கொண்டிருந்தார்கள். கடையிலும் நெரிசல். “கம்பு மாவு இருக்கிறது, கம்பு அடையாகப் போட்டுக் கொள்ளம்மா, அதுவும் போகும்” என்று சொல்லி எட்டு கிலோ எடை போட்டுக் கொடுக்கச் சொன்னேன். அந்த மாவு அரைத்து வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லி எழுதலாம்; ஆனால் தெரியும். தகர ஷெட்டின் கீழ் மூட்டையில் கிடந்தது.

மறுநாள் விடியற்காலை நான் கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாதி மாவு மீந்த பை. “இன்னா முதலாளி, மாவு கசக்குது. வாயில வச்சவங்க துப்பிட்டுப் போறாங்க. கைக்குழந்தைக்காரி ஒருத்தி காசைத் திருப்பிக் குடுன்னு நின்னா, குடுத்துட்டேன்” என்றார். சண்டை போடவில்லை. குரல்கூட உயரவில்லை. நான் மாவுக்குக் காசு வேண்டாம் என்றேன். மாவுக் காசு பெரிதல்ல, கீரையும் வெங்காயமும் தண்டலில் வாங்கிய பணத்தில் எடுத்தது என்று சொன்னார். அந்தப் பணத்தை நான் கொடுக்க முன்வந்தேனா என்று கேட்டால், இல்லை. அப்போது தோன்றவில்லை. அடுத்த மாதம் முதல் அவர் வேறு கடையில் எடுக்கத் தொடங்கினார். எதிரே பார்த்தால் கும்பிடுவார். கடைப்படி ஏற மாட்டார்.

கம்பு மாவு ஏன் கசக்கிறது என்று அதன் பிறகுதான் விசாரித்தேன். கம்பில் கொழுப்பு நூற்றுக்கு 5 பங்கு அளவில் இருக்கிறது. கேழ்வரகில் ஒன்றரைப் பங்கு அளவுதான். தானியமாக இருக்கும்வரை அந்தக் கொழுப்பு முளைக்கருவில் பத்திரமாக இருக்கும. அரைத்ததும் முளைக்கரு உடைந்து, தானியத்திலேயே உள்ள நொதி ஒன்று கொழுப்பைத் தின்னத் தொடங்குகிறது. காற்றும் சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். அதனால் வெயில் காலத்தில் கம்பு மாவு ஒரு வாரம் பத்து நாளிலேயே நாற்றம் எடுக்கும். கம்பை லேசாக வறுத்து அரைத்தால் அந்த நொதி அடங்கிக் கூடுதல் நாள் தாங்கும். முளைக்கருவோடு அரைத்த மக்காச்சோள மாவும் இதே கதைதான். கேழ்வரகு இவற்றைவிடச் சாது. தானியமாக வைத்தால் வருடக்கணக்கில் பூச்சி அண்டாது என்று நம் பெரியவர்கள் குதிரில் கொட்டி வைத்தது காரணத்தோடுதான். ஆனால் மாவாகிவிட்டால் அதுவும் ஈரம் இழுக்கும், வண்டு வைக்கும், நாளாக ஆக ஆக வாசனை போய்விடும்.

ஆகவே என் அனுபவத்தில் சொல்வது: கம்பையும் கேழ்வரகையும் தானியமாக இருப்பு வையுங்கள், மாவாக வைக்காதீர்கள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, வண்டிக்காரர்களிடம் தேவையைக் கேட்டு, அந்த அளவுக்கு மட்டும் மில்லுக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் கேழ்வரகைச் சலித்துப் புடைத்துக் கல் மண் எடுக்க வேண்டும். பொடி தானியமாதலால் அதே அளவுள்ள மண் குருணை அதில் நன்றாக ஒளிந்து கொள்ளும், அடையில் நறநறக்கும்போதுதான் வெளியே வரும். மில்லில் மிளகாய்த்தூள் அரைத்த கையோடு நம் தானியத்தைப் போட விடக் கூடாது. முன்னால் ஒரு கிலோ அரிசியாவது ஓட விட்டுக் கல்லைத் துடைக்கச் சொல்லுங்கள். மாவு மில்லிலிருந்து சுடச்சுட வரும். அதை அப்படியே பையில் கட்டினால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும். துணியில் பரப்பி ஆறவிட்டுக் கட்ட வேண்டும். இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று கேட்கும் அன்பர்கள், வருடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று நாள்தான் இது என்பதை எண்ணிப் பார்க்கலாம். பையின் மேல் அரைத்த தேதியைப் பேனாவில் எழுதுங்கள். எனக்கு மேற்படி சம்பவத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

கொள்முதல் பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் கேழ்வரகு பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வருகிறது. 2023ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு நகரத்தார் கேட்பது கூடியிருக்கிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் 2024-25இல் குவிண்டாலுக்கு 4,290 ரூபாயாக இருந்தது 2025-26க்கு 4,886 ரூபாயாக உயர்ந்தது. ஏழைச் சோறு என்று ஒதுக்கிய தானியம் இப்போது பொன்னி அரிசியோடு போட்டி போடுகிறது. விலை ஏறும்போது பழைய இருப்பைக் கலக்கும் சபலமும் ஏறும். அதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

மெக்சிகோ கதையின் இரண்டாவது பாகம் இங்கேதான் நமக்குப் பாடமாகிறது. அந்நாட்டில் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, சுண்ணாம்பில் ஊறிய சோளத்தை அரைத்துத் தரும் சிறு மில்கள் இருந்தன. ஈர மாவு ஒரு நாளுக்கு மேல் தாங்காது, புளித்துவிடும். ஆகவே அதிகாலையில் அரைப்பு, அன்றே விற்பனை. 1949இல் மசேகா என்ற கம்பெனி அதே மாவை உலர்த்திப் பொட்டலமாக்கி விற்கத் தொடங்கியது. தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் போதும், ஊறப்போடவும் வேண்டாம், மில்லுக்கும் போக வேண்டாம். மெல்ல மெல்லச் சிறு மில்கள் பல மூடப்பட்டன. 1994இல் அமெரிக்கா, கனடாவோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்து, அமெரிக்கச் சோளம் வெள்ளமாக இறங்கியது. 1999இல் அரசு, தோர்த்தியா என்ற அந்த ரொட்டியின் விலைக் கட்டுப்பாட்டையும் மானியத்தையும் எடுத்துவிட்டது. அதுவரை சரி, பொருள் மலிவாகத்தானே வந்தது என்று இருந்தார்கள். பிறகு அமெரிக்காவில் சோளத்திலிருந்து எத்தனால் எடுப்பது பெருகியது. சோளம் விலை ஏறியது. 2007 ஜனவரியில் தோர்த்தியா விலை எகிறி, தலைநகர வீதிகளில் பல ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். வியாபாரிகள் பதுக்கிவிட்டார்கள் என்ற பழியும் எழுந்தது. அரசு கம்பெனிகளைக் கூட்டி வைத்துக் கிலோவுக்கு எட்டரை பேசோ என்று ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. அந்நாட்டுச் சமையலை யுனெஸ்கோ 2010இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. தெருவோரத்தில் புது மாசாவில் சுடுகிறவர்களும் இன்றுவரை விடாமல் சுடுகிறார்கள். அவர்கள் கல்லின் முன்தான் வரிசை நீளமாக நிற்கிறது என்று அந்தப் பெண்மணி சொன்னார்.

நம் நாட்டிலும் சமீப ஆண்டுகளில் எத்தனாலுக்கு மக்காச்சோளம் போவது கூடியதும் கோழித் தீவனக்காரர்கள் விலை பற்றிப் புலம்பத் தொடங்கியதை அன்பர்கள் அறிவீர்கள். நம் அடைக்கு அதனால் உடனே கேடு இல்லை. ஆனால் பொட்டல மாவும் பொட்டலத் தோசை மாவும் தெருக்கோடி வரை வந்துவிட்டன. கிரிவலப் பாதையிலேயே சில வண்டிகளில் கம்பெனி பாக்கெட்டைக் கத்தரித்துக் கல்லில் ஊற்றுவதைப் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கொடுத்த மாவு ஒரு முறை கசந்தால், தேதி அச்சிட்ட பாக்கெட்டைத்தானே நம்புவார்கள்? வரி விஷயத்தில் நமக்கு ஒரு சிறு சாதகம் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல் முன்கூட்டியே பொட்டலம் கட்டிப் பெயர் ஒட்டிய மாவுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, கண்ணெதிரே எடை போட்டுச் சில்லறையாகக் கொடுப்பதற்கு அது இல்லை. மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் சப்பாத்தி, பரோட்டாவுக்கு வரியே இல்லை என்றாகிவிட்டது. சுடச்சுடப் போட்டுக் கொடுப்பவருக்கு உறையில் ஆறிக் கிடக்கும் பரோட்டா இன்னும் மலிவான போட்டியாகப் போகிறது. வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி மூன்றும் அதே நாளில் 12லிருந்து 5க்கு இறங்கின. நெய் அடை கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் நினைவில் வைக்கலாம்.

கடன் விஷயம் சற்று நாசூக்கானது. ஆனாலும் எழுதாமல் விட முடியாது. தண்டல்காரர் 850 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் பத்து நாளில் 1,000 வசூலிக்கிறார். வட்டியைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும். வண்டிக்காரருக்கு உண்மையில் வேண்டியது பணம் அல்ல, சரக்கு; அதுவும் ஒரே ஒரு இரவுக்கு. சாயங்காலம் மாவும் எண்ணெயும் எடுத்துக் கொண்டு விடிந்ததும் ரொக்கம் கட்டுகிறவருக்கு நாம் பற்று எழுதிக் கொடுப்பதால் என்ன கெட்டுவிடும்? நான் எழுதிக் கொடுத்ததில் வராமல் போன பாக்கி உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஓட்டல்காரர்களிடம் எனக்கு நின்ற பாக்கியோடு ஒப்பிட்டால் அது ஒரு மூலையில் அடங்கும். வங்கிக் கடனுக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் பி.எம். ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் வந்தது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்ததை 2025இல் 15,000 ஆக்கி, திட்டத்தை 2030 மார்ச் வரை நீட்டியிருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு நம் கணக்குப் பிள்ளைகள் அரை மணி நேரம் உதவினால் தண்டல் வாசலுக்கு ஒருவர் குறைவார்.

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டு 5இல் அமலுக்கு வந்ததிலிருந்து தள்ளுவண்டிக்காரரும் அதன் கண்காணிப்பில் வருகிறார். தீபத் திருவிழாவுக்கு அன்னதானம் போடுபவர்களே அனுமதி பெற வேண்டியிருக்கிறது. அதிகாரி வந்து மாவை எடுத்துப் பார்த்து “எங்கே வாங்கினாய்?” என்று கேட்டால், அந்தப் பெண்மணியிடம் காட்ட ஒரு சீட்டு இருக்க வேண்டும். ஐந்து கிலோவானாலும் பில் போடுங்கள். சில்லறை எண்ணெயை டின்னிலிருந்து ஊற்றி விற்பதும் 2011 விதிகளிலேயே கூடாதென்றாகிவிட்டது. அடைக்கு எண்ணெய் குறைவு, சிறு பாக்கெட்டே போதும். 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய தட்டுக்குத் தடை. அச்சடித்த செய்தித்தாளில் உணவு வைத்துக் கொடுக்கக் கூடாது என்றும் அறிவித்திருக்கிறார்கள். அச்சு மை சூட்டில் உணவோடு ஒட்டும். தையல் இலைக் கட்டு இரண்டு நம் கடையில் எப்போதும் இருந்தால் அவருக்கும் நல்லது, நமக்கும் ஒரு விற்பனை.

அந்த மெக்சிகோப் பெண்மணியை என் பேத்தி மார்கழிப் பௌர்ணமி அன்று பாதைக்கு அழைத்துப் போய்க் கேழ்வரகு அடை வாங்கிக் கொடுத்தாள். அவர் அடையைச் சாப்பிடும் முன் கல்லைத்தான் வெகு நேரம் பார்த்துக் கொண்டு நின்றாராம். அவர் பாட்டி வீட்டுக் கோமாலும் இப்படித்தான் நடுவில் குழிந்து தேய்ந்திருக்கும் என்றாராம். இரண்டாவது அடைக்கு உள்ளே கட்டி வைத்து மடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வண்டிக்காரப் பெண், “அதெல்லாம் நம்மகிட்ட இல்ல பாப்பா, வேணும்னா வெல்லம் வச்சுத் தரேன்னு சொல்லு” என்று சொல்லி அப்படியே செய்து கொடுத்தாராம்.

பிரதிநிதி வைத்துவிட்டுப் போன மாதிரி உறையை நான் பெட்டி போடவில்லை. செங்கம் ரோட்டு அன்பர்கள் போட்டால் தவறும் இல்லை. கேட்பவர் இருந்தால் விற்க வேண்டியதே. மைதா என்பதை மட்டும் வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்று கசந்த மாவோடு என் வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாள் இப்போது இல்லை. அவர் மகள்தான் அதே இடத்தில் வண்டி போடுகிறார். வெல்லம் வைத்துக் கொடுத்தவரும் அவரே. போன ஆண்டு ஆடிப் பௌர்ணமிக்கு முன்பு ஒரு நாள், எங்கள் கடைப்படி ஏறி வந்து, புதிதாக அரைத்த மாவு இருக்கிறதா என்று கேட்டார். முந்தின நாள் தேதி எழுதிய பையைக் காட்டினேன். தேதியைப் பார்க்கவில்லை. பையின் வாயைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஐந்து கிலோ போடச் சொன்னார். அதன் பிறகு மாதா மாதம் வருகிறார். ஒவ்வொரு மாதமும் அந்தச் சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பையை எடுக்கிறார்.